செவ்விலை வேட்டையும் கவிஞரின் நடையும்

   

இவ்வுரை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானிய மொழியில் வழங்கும் ‘மோமிஜிகாரி’ என்பது அச்சொல். மோமிஜி என்பது குளிர் வருமுன் நிறம் மாறிய இலை; காரி என்பது வேட்டை. இரண்டும் சேர்ந்து ‘செவ்விலை வேட்டை’ என்றாகிறது. வேட்டைக்குச் செல்வோர் கையில் வில்லும் இல்லை, வலையும் இல்லை. மலைப்பாதையில் நடந்து, மேப்பிள் மரங்களின் நிறமாற்றத்தைக் கண்டு, உதிர்ந்த இலை ஒன்றைக் கையிலெடுத்துத் திரும்புவதையே அம்மக்கள் வேட்டை என்கின்றனர்.

வசந்தத்தில் செர்ரி மலர்களைக் கண்டு மகிழ்வதற்கு அம்மொழியின் பொதுவழக்கில் ‘ஹனாமி’ என்று பெயர். மலர் காண்டல் என்பது அதன் பொருள். மலருக்குக் காண்டல், இலைக்கு வேட்டை என்ற இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. மலரை மரத்தடியில் பாய் விரித்து அமர்ந்தே காணலாம். இலையின் நிறமோ மலையின் மேலிருந்து தொடங்கி மெல்லக் கீழிறங்குவது. அதைக் காண விரும்புவோர் எழுந்து நடந்தாக வேண்டும். காட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். இன்று இருந்தது நாளை இராது என்பதை அறிந்திருக்க வேண்டும். கவிதைக்கும் இத்தகைய வேட்டை தேவைதானா, அன்றிச் சொற்களே போதுமா என்ற வினாவை ஜப்பானியக் கவிதை மரபு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக எழுப்பி வருகிறது. அவ்வினா தமிழ்க் கவிஞருக்கும் உரியது.

அம்மரபின் மிகப் பழைய தொகைநூல் ‘மன்யோஷூ’. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட இந்நூலில் இருபது பிரிவுகளும் ஏறத்தாழ 4,500 பாடல்களும் உள்ளன. அதன் முதற்பிரிவிலேயே ஒரு வழக்குக்குத் தீர்ப்பாக அமைந்த பாடல் ஒன்று இடம்பெறுகிறது. வசந்த மலையின் பூக்கள் அழகா, கூதிர் மலையின் இலைகள் அழகா என்று 7ஆம் நூற்றாண்டில் தென்ஜி பேரரசரின் அவையில் போட்டி நிகழ்ந்தது. தீர்ப்பைப் பாடலாகச் சொன்னவர் நுகாதா இளவரசி. அவர் கூதிர் மலையின் பக்கம் நின்றார். அதற்கு அவர் காட்டிய காரணமே ஈண்டுக் கருதத்தக்கது. வசந்தத்தில் மலை அடர்ந்து கிடக்கிறது. உள்ளே சென்று பூவைப் பறிக்க இயலவில்லை. பறித்தாலும் நின்று பார்க்க இயலவில்லை. கூதிரிலோ நிறம் மாறிய இலையைக் கையிலெடுத்து நயக்க முடிகிறது. இன்னும் பச்சையாய் இருப்பதைப் பெருமூச்சுடன் விட்டுவைக்கவும் முடிகிறது. இதுவே அவர் கூற்றின் சாரம்.

எது கண்ணுக்கு இனிது என்பதை இளவரசி அளவுகோலாகக் கொள்ளவில்லை. எது கைக்கு எட்டுகிறது, எங்கே கால் நுழைகிறது என்பதையே கொண்டார். இலைநிறத்தைப் போற்றிய மிகப் பழைய குரல்களுள் ஒன்று, மலைக்குள் நுழைவதைப் பற்றிப் பேசிய ஒரு பெண்ணின் குரல் என்பதை நினைவில் இருத்துவது நன்று. இதன் முரண் ஒன்று பின்னர் வரும்.

மன்யோஷூ காலத்தில் மோமிஜி என்னும் சொல்லைப் பெரும்பாலும் ‘மஞ்சள் இலை’ என்று பொருள்படும் சீன எழுத்துகளால் எழுதினர். அடுத்துவந்த ஹெயன் காலத்தில் அதே சொல் ‘சிவப்பு இலை’ என்னும் எழுத்துகளுக்கு மாறியது. ஒலி ஒன்று; எழுத்தில் நிறம் வேறு. மலையில் அன்றும் மஞ்சளும் சிவப்பும் கலந்தே இருந்தன. சீன இலக்கியத்தில் எந்த வழக்கு ஓங்கியிருந்ததோ அதற்கேற்ப எழுத்து மாறியது என்பது அறிஞர் பலரின் கருத்து. காட்டின் நிறத்தை ஏட்டின் நிறம் முந்திக்கொள்வதற்கு இது ஒரு சான்று.

ஏடு முந்தியதற்கு இதனினும் தெளிவான சான்று உண்டு. ஏறத்தாழ 905ஆம் ஆண்டில் அரசாணையின்படி தொகுக்கப்பட்ட ‘கோகின்ஷூ’ என்னும் தொகையில் அரிவாரா நோ நரிஹிரா என்னும் கவிஞரின் பாடல் ஒன்று உண்டு. செவ்விலைகள் மிதந்துவரும் தத்சுதா ஆற்றைச் சாயமேற்றிய துணியாகக் காணும் பாடல் அது. செவ்விலையைப் பற்றிய ஜப்பானியப் பாடல்களுள் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. ஆனால் அது ஆற்றங்கரையில் பிறந்ததன்று. அரண்மனையில் நின்ற ஒரு மடக்குத்திரையில் ஆறும் இலைகளும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்தன. அவ்வோவியத்தைப் பொருளாகக் கொண்டு பாடப்பட்டது என்று தொகைநூலின் குறிப்பே கூறுகிறது. திரைப்பாடல் என்பது அக்காலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது.

திரையைப் பார்த்துப் பாடியதால் அப்பாடல் தாழ்ந்ததன்று. நூற்றாண்டுகளைக் கடந்து அது நிற்கிறது. எனினும் அதன் பின் வந்தவர்களுக்கு அது ஒரு வசதியைத் தந்துவிட்டது. தத்சுதா என்று சொன்னால் இலை என்று பொருள். இலை என்று சொன்னால் சாயமிட்ட துணி என்று பொருள். ஆற்றைக் காணாதவரும் ஆற்றைப் பாடலாயினர். நரிஹிரா ஓவியத்தைப் பார்த்தார். பின்வந்தோருள் பலர் நரிஹிராவின் சொல்லையே பார்த்தனர். முதல்வரிடம் கண் இருந்தது. மற்றவரிடம் நினைவு மட்டும் இருந்தது. மரபு தளர்வது இந்த இடத்தில்தான்.

இத்தளர்ச்சியை ஒரு நாடகம் வேறு வகையில் உணர்த்துகிறது. 1516இல் மறைந்த கான்ஸே நொபுமித்சு இயற்றிய நோ நாடகத்தின் பெயரே ‘மோமிஜிகாரி’. தைரா நோ கொரெமொச்சி என்னும் வீரன் மான் வேட்டைக்குத் தொகாகுஷி மலைக்குச் செல்கிறான். செவ்விலை மரங்களின் கீழ் உயர்குலப் பெண்கள் விருந்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அழைப்பை ஏற்று அமர்ந்தவன் மதுவிலும் நடனத்திலும் மயங்கி உறங்கிவிடுகிறான். அப்பெண் உண்மையில் ஓர் அரக்கி. கனவில் தெய்வம் எச்சரித்து வாள் அளிக்க, விழித்தெழுந்து பொருது வெல்கிறான். இக்கதை 1887இல் கபுகி நாடகமாயிற்று. 1899இல் அதன் ஒரு பகுதி படமாக்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ள ஜப்பானியத் திரைப்படங்களுள் மிகப் பழையது அதுவே. 2009இல் ஜப்பானிய அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அழகின் நிழலில் அமர்ந்து உறங்குபவன் அழகுக்கு இரையாவான் என்பது கதை தரும் பாடம். வேட்டைக்கு வந்தவன் விழித்திருக்க வேண்டும்.

இனி அம்மலைகளுள் ஒன்றின் பாதைக்கே செல்லலாம். தோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே 2,486 மீட்டர் உயரமுள்ள நந்தாய் மலை; அதன் அடியில் 1,269 மீட்டர் உயரத்தில் சூசென்ஜி ஏரி; ஏரியின் நீர் 97 மீட்டர் ஆழத்துக்கு வீழும் கெகோன் அருவி. முன்பு முயன்று இயலாமற்போய், 782இல் நந்தாய் உச்சியை அடைந்தவர் ஷோதோ என்னும் பௌத்தத் துறவி. அதுமுதல் அது வழிபாட்டு மலை.

நகரிலிருந்து ஏரிக்கு ஏறும் சாலைக்கு ‘இரோஹா சரிவு’ என்று பெயர். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என இரு சாலைகள். ஏறும் வழியில் 20 வளைவுகள், இறங்கும் வழியில் 28 வளைவுகள், ஆக 48. ஜப்பானிய மொழியின் பழைய நெடுங்கணக்கு ‘இரோஹா’ எனப்படும். அது ஒரு பாடல். 47 எழுத்துகளும் ஒவ்வொரு முறையே வருமாறு அமைந்தது. இறுதியில் வரும் மெய்யெழுத்தையும் சேர்த்தால் 48. சாலையின் ஒவ்வொரு வளைவிலும் ஓர் எழுத்து பொறித்த பலகை நிற்கிறது. ஏறும்போது முதல் 20 எழுத்துகளும் இறங்கும்போது மற்ற 28 எழுத்துகளும் வருவதால், மலையேறி மீள்பவர் நெடுங்கணக்கு முழுவதையும் கடந்துவிடுகிறார். அப்பாடலின் முதற்சொல் ‘நிறம்’. அதன் பொருள் நிலையாமை. நிறம் மாறும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து வரிசை வாய்த்தல் அரிது.

இன்னும் ஒன்று. அங்கு மிகுதியாகப் போற்றப்படும் மேப்பிள் இனத்தின் பெயரும் ‘இரோஹா கயேதெ’. அதன் இலை பெரும்பாலும் ஏழு மடல்களாகப் பிரிந்திருக்கும். குழந்தைகள் மடல்களை நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளைச் சொல்லி எண்ணியதால் இப்பெயர் வந்தது என்பர். ‘கயேதெ’ என்பது தவளைக்கை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அகரமுதலி கற்கும் குழந்தையின் விரல் இலையைத் தொட்டுப் பிறந்த பெயர் இது. அரண்மனைத் திரையில் பிறந்ததன்று.

முன்னர்க் குறித்த முரண் இங்கேதான் நிற்கிறது. இரோஹா சரிவின் அடிவாரத்தில் உமாகயேஷி என்று ஓர் இடம் உண்டு. ‘குதிரை திரும்புமிடம்’ என்பது பொருள். புனித மலைக்குள் குதிரைக்கும் மாட்டுக்கும் அனுமதியில்லை, பெண்களுக்கும் இல்லை. சரிவில் ‘பெண்கள் மண்டபம்’ என்று ஒரு கட்டடம் இருந்தது. பெண்கள் அங்கு நின்று மலையைத் தொழுதுவிட்டுத் திரும்ப வேண்டும். மெய்ஜி அரசு 1872இல் ஆணை பிறப்பித்த பின்னரே இத்தகைய தடைகள் நீங்கின. ஆறு ஆண்டுகள் கழித்து, 1878 ஜூன் மாதம், இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பயண எழுத்தாளர் குதிரையின் மீதமர்ந்து ஏரியையும் தாண்டி யுமோதோ வெந்நீரூற்று வரை சென்றார். பெண்ணும் குதிரையும் ஒருசேர எல்லையைக் கடந்தனர்.

மலைக்குள் கால் நுழைவதையே அழகின் அளவுகோலாக்கியவர் ஒரு பெண்பாற்புலவர். அவருக்குப் பின் பல நூற்றாண்டுகளாக அந்நாட்டின் புனித மலைகள் பல பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. அக்காலப் பெண் கவிஞர் இவ்வுச்சிகளின் இலையைத் திரையில் பார்த்துத்தான் பாட வேண்டியிருந்தது. திரைப்பாடல் சிலருக்குச் சோம்பல். சிலருக்கோ வேறு வழியின்மை. இவ்வேறுபாட்டைத் திறனாய்வாளர் மறத்தலாகாது. பாதை இருந்தும் நடவாதவரையும், பாதை மறுக்கப்பட்டவரையும் ஒரே தராசில் நிறுத்தல் அறமன்று.

யுமோதோவிலிருந்து கீழ்நோக்கி நடக்கும் வழி நடைப்பயணிகள் பெரிதும் விரும்புவது. 1,478 மீட்டர் உயரத்திலுள்ள யுனோகோ ஏரி, அதிலிருந்து விழும் யுதாகி அருவி, பின்னர் யுகாவா ஆற்றின் ஓரமாகச் செல்லும் காட்டுவழி, அதன்பின் செஞ்சோகாஹாரா என்னும் பரந்த சதுப்புநிலம். ‘போர்க்களச் சமவெளி’ என்பது அதன் பொருள். ஏரிக்காக நந்தாய் மலைத்தெய்வமும் அகாகி மலைத்தெய்வமும் பாம்பும் பூரானுமாகிப் பொருத களம் என்பது தொன்மம். 2005இல் இப்பகுதியின் சதுப்புநிலங்கள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. சேற்றை மிதிக்காதவாறு மரப்பலகைப் பாதை இடப்பட்டுள்ளது. செப்டம்பர் இறுதியிலேயே இங்குப் புல் பழுக்கத் தொடங்கும். அதற்கும் ‘புல்மோமிஜி’ என்று பெயருண்டு. அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்னிறம் கொள்ளும். ஊசியிலை மரமாயினும் ஆண்டுதோறும் இலை உதிர்ப்பது லார்ச். சமவெளி முடிந்ததும் ர்யூசு அருவி. அதன் கீழே சூசென்ஜி ஏரி.

யுமோதோவில் அக்டோபர் தொடக்கம், சூசென்ஜியில் அக்டோபர் நடுவும் இறுதியும், அதற்குக் கீழே கோயில்கள் நிறைந்த நகரில் நவம்பர் முற்பகுதி என்பது இலைநிறத்தின் வழக்கமான பயணம். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். ஆகவே ஏறத்தாழ ஒன்பது நூறு மீட்டர் இடைவெளி ஒரு மாதக் காலமாக விரிகிறது. மலையில் காலம் உயரமாகக் கிடக்கிறது. கீழிருந்து ஏறுபவர் வரவிருக்கும் நாளுக்குள் நடக்கிறார். மேலிருந்து இறங்குபவர் கடந்துபோன வாரத்துக்குள் திரும்புகிறார். இதைத் திரை காட்டாது.

இலைக்குள் நிகழ்வதையும் அறிதல் நன்று. பகல் குறுகி இரவு குளிர்ந்ததும் மரம் இலையிலிருந்து சத்துகளைத் திரும்பப் பெறத் தொடங்குகிறது. பச்சையம் சிதைகிறது; நைட்ரஜன் முதலியன கிளைக்குச் செல்கின்றன. அப்போது வெளிப்படும் மஞ்சள் புதியதன்று. கரோட்டினாய்டு என்னும் அந்நிறமி கோடை முழுவதும் பச்சைக்குள் மறைந்திருந்தது. சிவப்போ அவ்வாறன்று. ஆந்தோசயனின் என்னும் நிறமியை இலை தன் இறுதி நாட்களில், எஞ்சிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக ஆக்குகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் கூடினால் சிவப்பு ஆழ்கிறது. சத்து மீட்கப்படும் வேளையில் மிகையான ஒளியிலிருந்து இலையைக் காக்கவே இச்சிவப்பு என்பது ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கங்களுள் முதன்மையானது. முடிவில் காம்படியில் ஒரு மெல்லிய படலம் தோன்றி இலையைப் பிரித்துவிடுகிறது. மஞ்சள் மறைந்திருந்ததன் வெளிப்பாடு. சிவப்பு இறுதியில் செய்யப்பட்ட புதுவேலை. இலைநிறத்தைச் சாவின் உருவகமாக மட்டுமே கண்ட கவிதைகள் உண்மையின் பாதியைத்தான் கண்டன.

இம்மலைப்பகுதிக்கு வந்தவர்களுள் மட்சுவோ பாஷோவும் ஒருவர். ஆனால் 1689இல் அவர் நிக்கோவுக்கு வந்தது வேனில் தொடக்கத்தில். அங்கே அவர் பாடியது பசிய தளிர்களையும் அவற்றின் மேல் விழும் ஞாயிற்றொளியையும். வந்த பருவத்தில் கண் முன் இருந்ததைப் பாடினார். நடந்து வந்தவருக்கே இந்நேர்மை எளிதாகிறது.

இன்றோ இரோஹா சரிவில் இலைநிறக் காலத்தின் விடுமுறை நாட்களில் ஊர்திகள் வளைவுதோறும் தேங்கி நிற்கின்றன. மணிக்கணக்கில் நகராத வரிசைக்குள் அமர்ந்து, கண்ணாடிச் சாளரத்தின் வழியே இலையைப் பார்த்துத் திரும்புவோர் ஏராளம். அரண்மனையின் மடக்குத்திரை ஊர்தியின் கண்ணாடியாகிவிட்டது. கால் நிலத்தைத் தொடாத வரை நுகாதா இளவரசியின் தீர்ப்பு விளங்காது.

நடப்பவர்கள் கண்டறிந்துவரும் ஒரு செய்தி கவலைக்குரியது. ஜப்பானிய வானிலை ஆய்வு நிறுவனம் 1953 முதல் இரோஹா கயேதெ மரத்தின் நிறமாற்ற நாளை நாடெங்கும் ஒரே முறையில் பதிந்து வருகிறது. அந்நாள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று நாள் வீதம் பிந்துகிறது. 2021இல் அந்நிறுவனம் உயிரினப் பருவக் கணிப்புகளைப் பெரிதும் குறைத்து, விலங்கு, பறவை, பூச்சிகளை முற்றிலும் நீக்கியபோதும், எஞ்சிய ஆறு தாவரங்களுள் மேப்பிளை விட்டுவைத்தது.

இது கவிஞர்களின் ஏட்டையே தாக்கும் செய்தி. ஹைக்கூ மரபில் ஒவ்வொரு பாடலிலும் பருவச்சொல் வேண்டும். எச்சொல் எப்பருவத்துக்குரியது என்பதைப் ‘சைஜிகி’ என்னும் பருவச்சொற் கோவைகள் வகுத்துள்ளன. மோமிஜி இலையுதிர்காலத்தின் கடைப்பகுதிக்குரிய சொல். அக்கணக்கில் குளிர்காலம் நவம்பர் 7ஆம் நாளை ஒட்டித் தொடங்கிவிடும். கியோத்தோ நகரில் மேப்பிள் சிவப்பதோ நவம்பர் இறுதியில். சில ஆண்டுகளில் டிசம்பரில். ஏட்டுக்கும் மரத்துக்கும் முன்பே இருந்த இடைவெளி இப்போது அகன்றுவிட்டது. ‘குளிர்கால மோமிஜி’ என்று ஒரு பருவச்சொல் முன்னரே உண்டு; பருவம் கடந்தும் எஞ்சி நின்ற சில இலைகளைக் குறிக்க வந்தது. எச்சத்தின் பெயர் இனி முழுமலையின் பெயராகிவிடுமோ என்னும் வினா எழுகிறது. ஏட்டைப் பின்பற்றினால் கண் பொய்க்கும். கண்ணைப் பின்பற்றினால் ஆயிரம் ஆண்டுச் சொல்லின் இடம் பெயரும். எதைத் தேர்ந்தாலும் இழப்பு உண்டு. ஆயினும் மலைக்குச் செல்லாத கவிஞருக்கு இழப்பு நேர்ந்ததே தெரியாது.

தமிழ்க் கவிஞர்க்கு இவ்வினா அயலானதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதுகள். மண்ணும் பருவமும் பிழையாத இடத்தில்தான் உரிப்பொருள் நிற்கும் என்பது அவ்விலக்கணத்தின் அடிப்படை. தமிழின் ஆறு பருவங்களுள் இலையுதிர்வின் பெயரால் அமைந்தது ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் இலை உதிர்வது பெரும்பாலும் மழை ஓய்ந்து, பனி கழிந்து, வேனில் தொடங்கும் நாட்களில். இருந்தும் ‘இலையுதிர்காலச் செவ்விலை’ எத்தனையோ புதுக்கவிதைகளில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அது வேற்றுநாட்டு மடக்குத்திரையைப் பார்த்துப் பாடியது. பாடுவது குற்றமன்று, திரை என்று அறியாமல் பாடுவதே குறை.

தமிழில் ‘நடை’ என்னும் ஒரே சொல் கால் நடப்பதையும் எழுத்தின் போக்கையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பதை இம்மொழி முன்பே அறிந்திருக்கிறது போலும். பத்தாண்டுகளாக ஓர் அறையில் கூடிக் கவிதை படித்துவரும் வட்டத்தின் உறுப்பினர்கள், பதினோராம் ஆண்டின் கூட்டங்களுள் ஒன்றையேனும் அருகிலுள்ள குன்றின் பாதையில் நடத்தலாம். எந்த மரம் எந்த வாரம் இலை உதிர்க்கிறது, எது எப்போது துளிர்க்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது அக்குறிப்பேடு கவிதைகளுக்குச் சான்றாக நிற்கும். தமிழ் மரங்களின் பருவம் பிந்துகிறதா முந்துகிறதா என்பதைக் கவிஞர்களே சொல்ல வல்லவராவர்.

வேட்டை என்பது கொல்வதற்கு மட்டும் உரிய சொல்லன்று என்பதை ஜப்பானிய மலைப்பாதைகள் காட்டியுள்ளன. தேடிச் செல்பவரின் கையில் இறுதியில் ஓர் இலைதான் மிஞ்சும். அதை நேரில் எடுத்தவர் எழுதும் சொல்லுக்கு வேர் இருக்கும்.